தெளிமனைக்கான வார்த்தைகள்

ஜூன் 3, செவ்வாய்

புது கிளையன்ட். குடியை நிறுத்த வைக்கிற இல்லம் ஒன்று. பெயர் தெளிமனை. பெருந்துறை தாண்டி உள்ளே போக வேண்டுமாம். அதை நடத்துகிற ஜெயசீலன் இன்று ஆபீசுக்கே வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். "நானே ரோட்டோரம் கெடந்தவன்தானுங்க. அங்கிருந்து எந்திரிச்சு வந்துதான் இதை ஆரம்பிச்சேன்" என்றார். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

இரண்டு மாதமாக வேறு யாரோ அவருக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். கிளிக் வருகிறது, போன் வருவதில்லை. ஆபீசில் எனக்கு மேலே இருக்கிற கவின் சார், போனில் எதைத் தேடினால் விளம்பரம் வரவேண்டும் என்று அவர்கள் போட்டிருந்த பழைய வார்த்தைப் பட்டியலைத் திரையில் காட்டினார். 'மது போதை மறுவாழ்வு மையம்', 'போதை மீட்பு சிகிச்சை'. எல்லாம் இப்படித்தான்.

"இந்த வார்த்தைக்குப் பெரிய பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் போட்டி போடுது. நம்ம பட்ஜெட் காலையில பத்து மணிக்கே தீர்ந்துரும். அக்கா, இதை நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றார். எனக்கு ஒன்பது வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

சரி என்றேன். வீட்டில் தவிக்கிற எவளும் 'மறுவாழ்வு' என்று தட்ட மாட்டாள். அது போர்டில் எழுதுகிற வார்த்தை.

வீட்டுக்கு வந்தால் சிலிண்டர்காரர் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பெல் அடித்தும் யாரும் திறக்கவில்லையாம். என் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பாடம் எடுக்கிற பாலிடெக்னிக்கில் இப்போது லீவு. இருக்கிற கேஸ் நாளை வரை தாங்கும் என்று நினைக்கிறேன்.


ஜூன் 4, புதன்

சாப்பாட்டு நேரத்துக்குள் பட்டியலை முடித்துவிட்டேன். இவ்வளவு வேகமாக எந்த கேம்பெயினுக்கும் எழுதியதில்லை.

ஒருவர் போனில் எதைத் தேடும்போது நம் விளம்பரம் மேலே வரவேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் இந்த வேலை. எல்லோருக்கும் தோன்றுகிற வார்த்தைக்கு விலை அதிகம். ஒருத்திக்கு மட்டும் தோன்றுகிற வார்த்தை மலிவு. அதைத் தட்டுகிறவள் உடனே போனும் செய்வாள். நான் எழுதியதில் சில:

காலையில் கை நடுக்கம் எதனால். சாம்பாரில் கலந்து கொடுக்க மருந்து. தண்ணி போட்டால் அடிக்கிறார் என்ன செய்வது. குடித்துவிட்டு ஞாபகம் இல்லை என்கிறார். வேலை போய்விட்டது ஆனாலும் நிறுத்தவில்லை. கணவருக்குத் தெரியாமல் நிறுத்த. நாளையிலிருந்து நிறுத்துகிறேன் என்பவரை நம்பலாமா.

எழுத்துப்பிழையோடும் போட்டேன். அழுதுகொண்டே தட்டுகிறவள் பிழை பார்க்க மாட்டாள்.

கவின் சார் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, இதெல்லாம் எங்கிருந்து புடிச்சீங்க?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தங்க இருந்தாங்க சார். அவங்க பட்ட பாடு" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் காலி மனை. மறுபக்கம் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், வெற்றிலைகூடப் போடாதவர்.


ஜூன் 7, சனி

அவருக்குக் காய்ச்சல். பாலிடெக்னிக்கிலிருந்து போன் வந்தது. தூங்குகிறார் என்று சொன்னேன். ஹால் மிதியடியைத் துவைத்துக் காயப்போட்டேன். இந்த வாரத்தில் இரண்டாவது முறை.


ஜூன் 10, செவ்வாய்

விளம்பரம் ஓடத் தொடங்கியது. தலைப்பு நான் எழுதியதுதான்: 'வெளியே சொல்ல முடியலையா? எங்ககிட்ட சொல்லுங்க.' கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ஜெயசீலன்: '24 மணி நேரமும் மருத்துவர்.'

"டாக்டர் அங்கேயே தங்கியிருக்காருங்களா?" என்று போனில் கேட்டேன்.

"கூப்பிட்டா வருவாருங்க" என்றார்.

சேர்த்தேன்.

எந்த வார்த்தைக்கு நம் விளம்பரம் வரவே கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. வேலை தேடுகிறவர்கள், சினிமா தேடுகிறவர்கள் எல்லாம் அதில் போவார்கள். 'இலவசம்', 'அரசு ஆஸ்பத்திரி' இரண்டையும் அதில் போடச் சொன்னார் கவின் சார். அப்படித் தேடுகிறவர்கள் கிளிக் செய்தால் காசு வீண், அவர்கள் இங்கே வரப்போவதில்லை. வழக்கமாகச் செய்வதுதான். போட்டேன்.

மத்தியானத்துக்குள் பதினோரு போன். முதல் மாதம் வருகிற போன்களை நாங்களே எடுத்துப் பேசி, பிறகு அவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். எல்லாம் பெண்கள். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். பின்னால் யாரோ தூங்குகிறார்கள் என்பதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கவின் சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.


ஜூன் 12, வியாழன்

அந்தியூரிலிருந்து விஜயராணி என்று ஒரு பெண் பேசினார். கணவர் பெயர் செங்கோட்டையன், தறி மெக்கானிக். ஆள் தங்கமாம். அதை மட்டும் நான்கு முறை சொன்னார்.

"ஏனுங்க, அங்க அடிப்பாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"அவரு பயந்த சுபாவமுங்க. பொழுதன்னிக்கும் போடறவரு, ஒரேயடியா நிறுத்தினா தாங்குவாருங்களா?"

"டாக்டர் இருக்காருங்க" என்றேன்.

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க தன்மையாப் பேசறீங்க. எங்கூட்ல யார்கிட்டயும் இதைச் சொன்னதில்லைங்க" என்றார்.

வண்டி அனுப்பச் சொல்லி ஜெயசீலனுக்குத் தகவல் கொடுத்தேன். திங்கட்கிழமை கூட்டிப்போவார்கள்.


ஜூன் 15, ஞாயிறு

நங்கையா வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, பெயர் சரோஜினி; எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கையா என்போம். காங்கயத்தில் இருக்கிறார். அம்மா இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவர். மூன்று வயதுதான் வித்தியாசம், ஆனால் பேச்சு அம்மா மாதிரி இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி, முருங்கைக்காயும் ஒரு தூக்கு நிறைய நெய்யும் கொண்டு வந்துவிட்டார். காலை ஏழரைக்குப் போன் செய்து ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன் என்றார். அதற்குள் ஹாலைத் துடைத்து, ஜன்னல் எல்லாம் திறந்து, இவரை எழுப்பித் தலைக்கு ஊற்ற வைத்து, சட்டை மாற்றச் சொல்லி எல்லாம் முடித்தேன்.

"ஏன்டா மோகனா, இப்படிக் கருத்துப் போயிட்ட?" என்று தம்பியின் கன்னத்தைப் பிடித்தார்.

"சுகருங்க நங்கையா" என்று நான் சொன்னேன். "மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க."

"கை ஏன் ஆடுது?"

"அதுவும் அதனாலதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அவர் கையால் சாதம் பிசைந்து கொடுத்தபோது இவர் சாப்பிட்டார். நான் போட்டால் தட்டு அப்படியே இருக்கும்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். "கோகிலா, ஏதாச்சும் இருந்தா என்கிட்ட சொல்லு" என்றார் ஜன்னல் வழியாக. "ஒண்ணுமில்லைங்க" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.


ஜூன் 19, வியாழன்

விளம்பரத்துக்குப் படம் எடுக்க தெளிமனை போனேன். கேமராவோடு வந்தவர் பாதி வழியில் வேறு வேலை என்று இறங்கிவிட, நானே போனில் எடுத்தேன்.

முன்பக்கம் நன்றாக இருக்கிறது. செம்பருத்தி, மணல் பரப்பிய நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு. உள்ளே ஒரு பெரிய ஹால். ஷீட் போட்ட கூரை. வாசலில் கம்பிக் கதவு, வெளியிலிருந்து பூட்டு. வரிசையாகப் பாய். நான் எண்ணவில்லை, கால் வைக்க இடமில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். சட்டைக்குப் பதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல பனியன்.

"விளம்பரம் வந்தப்புறம் ஆளு ஜாஸ்தியாயிட்டாங்க. பக்கத்துல இன்னொரு ஷெட்டு போடப்போறோம்" என்றார் ஜெயசீலன். நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் ரூம் எதுங்க?"

"நான்தாங்க டாக்டரு" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மொத நாலு நாளு சத்தம் போடுவாங்க, ஒளறுவாங்க. புடிச்சுக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டா தெளிஞ்சுரும். என்னையும் அப்படித்தான் தெளிய வெச்சாங்க. நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

பின்பக்க அறையிலிருந்து ஒருவர் எதையோ திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆடு மாடு ஓட்டுகிற சத்தம் மாதிரி. அவர் பெயரை நான் கேட்கவில்லை.

செம்பருத்தியையும் பெஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.


ஜூன் 20, வெள்ளி

படங்களை ஏற்றினேன். ரேஷனில் பாமாயில் இல்லை. அவருக்குக் காய்ச்சல்.


ஜூன் 21, சனி

விஜயராணி பேசினார். செங்கோட்டையனைப் பார்க்கப் போனால் பத்து நாள் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்களாம். ஒரு நிமிடம் போனில் கொடுத்திருக்கிறார்கள்.

"எம்பேரு தெரியலைங்க அவருக்கு. சுவத்துல பூச்சி போகுதுங்கறாரு. டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். "மொத வாரம் எல்லாரும் அப்படித்தான் கோகிலாம்மா" என்றார். அதையே விஜயராணியிடம் சொன்னேன். என்ன குரலில் சொன்னேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தன்மையாகத்தான் சொல்லியிருப்பேன்.


ஜூன் 24, செவ்வாய்

செங்கோட்டையன் இறந்துவிட்டார். வலிப்பு வந்து, வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில்.

விஜயராணிதான் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்ககிட்ட சொல்லோணும்னு தோணுச்சுங்க. அன்னைக்கு நீங்கதான் பொறுமையாக் கேட்டீங்க" என்றார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சொந்தக்காரர்களும் கேஸ் எதற்கு, மானம் போகும் என்கிறார்களாம்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு வந்து அடுத்த போனை எடுத்தேன்.


ஜூன் 25, புதன்

கவின் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பிக் கதவு, பட்டினி, டாக்டர் இல்லாதது. கேட்டுக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் இல்லை.

"அக்கா, நமக்கு இதுல என்ன இருக்கு? நாம இடம் நடத்தலையே. ஆளைக் கொண்டுவர்றதோட நம்ம வேலை முடிஞ்சுது."

"ஆளைக் கொண்டுவந்ததுதானுங்க சார் பிரச்சனை."

"சரி, அந்த டாக்டர் வரியை எடுத்துருங்க. அதுதான் தப்பு. மத்ததெல்லாம் நல்லாத்தானே போகுது? இவ்வளவு மலிவா யாருக்கும் நாம கொண்டுவந்ததில்லை."

வரியை எடுத்தேன். வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. நிறுத்தாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று சொல்ல நினைத்துக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். இப்போது வேலையை விட முடியாது. காரணம் எழுத வேண்டியதில்லை.


ஜூன் 28, சனி

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். புருவத்தில் மூன்று தையல். க்ளினிக்கில் தரை ஈரம் என்று சொன்னேன். தரை ஈரமாகத்தான் இருந்தது.

"நாளையில இருந்து சரியா இருக்கறேன் கோகி" என்றார் ஆட்டோவில். கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் பவானி கூடுதுறைக்குப் போனபோது படியில் வழுக்கும் என்று இப்படித்தான் பிடித்துக்கொண்டே நடந்தார். அப்போது கை ஆடாது. பாலிடெக்னிக் பட்டறை லேத்தில் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்து தருவார். பையன்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.


ஜூலை 2, புதன்

நங்கையா ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டார். பாலிடெக்னிக்கில் வேலை செய்கிற யாரையோ கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறார்.

"மார்ச் மாசத்துலயே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாமே? வகுப்புலயே விழுந்து கெடந்தானாமே? நீ லீவுங்கற?"

"ஏதோ ஆபீஸ் பாலிடிக்ஸுங்க நங்கையா. சரியாயிரும்."

"கோகிலா, எந்தம்பி குடிக்கறானா?"

பக்கத்தில் எல்லோரும் இருந்தார்கள். "மீட்டிங்ல இருக்கறேனுங்க, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் கூப்பிடவில்லை.


ஜூலை 4, வெள்ளி

ஆறு மணிக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. ஹெட்மாஸ்டர் சாவியைக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். "உங்க நாத்தனார் வந்திருந்தாங்கம்மா. நாலு ஆளுங்க ஒரு வேன்ல வந்து..." என்று நிறுத்திக்கொண்டார். எங்கள் வாசலில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

நங்கையாவுக்குப் போன் செய்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"சேர்த்துட்டேன் கோகிலா. உனக்குச் சொன்னா விடமாட்டன்னு சொல்லலை. என்னை அக்கா அக்கான்னு கத்தறான். நான் வேனுக்குப் பின்னாடியே நின்னேன்."

"எங்கீங்க சேர்த்தீங்க?"

"நேத்து மத்தியானம் பூரா போன்ல தேடிட்டே இருந்தேன். காலையில கை நடுங்குதேன்னு அதையேதான் தட்டினேன். மேலயே வந்துச்சு. வெளியே சொல்ல முடியலையான்னு கேட்டுச்சு. படிச்சதும் அழுகை வந்துருச்சு. தெளிமனைன்னு பேரு."

நேற்று நான் வங்கி வேலையாக மத்தியானம் லீவு போட்டிருந்தேன். அந்தப் போனை வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெயசீலன் வெளியே வந்தார்.

"கையெழுத்துப் போட்டது அவங்க அக்காங்க. அவங்க வந்து கேட்டாத்தான்..." என்று ஆரம்பித்தவர், வெளிச்சத்தில் என்னைப் பார்த்துவிட்டார். "அட, கோகிலாம்மா! உங்க வீட்டுக்காரருங்களா?"

தலையாட்டினேன்.

"அப்ப என்னத்துக்குங்க பதட்டம்? நம்ம எடம் உங்களுக்குத் தெரியாததா? நம்ம வீட்டு ஆளு மாதிரிப் பார்த்துக்கறேன். தைரியமாப் போயிட்டு வாங்க."

செங்கோட்டையன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். கேட்டில் இருந்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே டி.வி. சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. ஒருவேளை இவருக்குச் சரியாகிவிடலாம் என்று தோன்றியது. வீட்டிலிருந்து எடுத்துப்போன அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.


ஜூலை 5, சனி

ஒன்பது மணி வரை தூங்கியிருக்கிறேன். நடுவில் ஒருமுறைகூட விழிக்கவில்லை. கதவு தட்டுகிற சத்தம் இல்லை, பாத்திரம் விழுகிற சத்தம் இல்லை. எழுந்து, இட்லிக்கு ஊறவைத்தேன். ஜன்னல் திரை எல்லாவற்றையும் துவைத்தேன்.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இருக்கட்டும்.


ஜூலை 6, ஞாயிறு

காலையில் திரையை மாட்டும்போது திடீரென்று அந்தக் கூப்பிடுகிற சத்தம் காதில் கேட்டது, படம் எடுக்கப் போனபோது கேட்டது. அது செங்கோட்டையனாகத்தான் இருக்க வேண்டும். முக்காலியிலிருந்து இறங்கி நங்கையாவைக் கூப்பிட்டேன். "உடனே வாங்க, உங்க கையெழுத்து வேணும்" என்று மட்டும் சொன்னேன். காங்கயத்திலிருந்து கார் பிடித்து வந்தார். வழியில் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயசீலன் மறுத்துப் பார்த்தார். நங்கையா கேட்டைப் பிடித்து உலுக்கிய வேகத்தில் திறந்துவிட்டார்கள்.

பின்பக்க அறை. கட்டில் காலோடு அவருடைய இரண்டு கையையும் வேட்டித் துணியால் கட்டியிருந்தார்கள். உடம்பு கொதித்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கண்ணாடியைக் காணோம். "மோகனா" என்று நங்கையா கூப்பிட்டதற்கு, "சார், மிஷினை ஆஃப் பண்ணுங்க சார், பையன் கை உள்ள இருக்குது" என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் சார் என்றார்.

108-ஐக் கூப்பிட்டு அரசு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. "எவ்வளவு நாளா குடிக்கிறார்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

"நீங்கதானே மனைவி?"

"ஆமாங்க."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த அளவுக்குப் பழகினவங்களை ஒரேயடியா நிறுத்தவே கூடாதும்மா. உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுத்துப் படிப்படியாத்தான் இறக்கணும். மேல மாடியிலயே அதுக்குன்னு வார்டு இருக்கு. காசு ஒண்ணும் கிடையாது. ஏம்மா முதல்லயே இங்க கொண்டுவரலை?"

நங்கையா சொன்னார்: "போன்ல தேடினப்ப இது வரலைங்க."


ஜூலை 7, திங்கள்

வெளியே பெஞ்சில் இருக்கிறோம். நங்கையா காப்பி வாங்கி வந்தார். கவின் சார் போன் செய்தார், எடுக்கவில்லை.

மத்தியானம் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கையில் கட்டு இல்லை. மணிக்கட்டில் கறுப்பாகத் தடம். உள்ளங்கையைப் பிடித்தேன். திருப்பிப் பிடிக்கவில்லை.


ஜூலை 8, செவ்வாய்

காலை பத்தேகாலுக்கு அவர் போய்விட்டார்.


ஜூலை 17, வியாழன்

ஒரு வாரத்துக்கு மேலாக எழுதவில்லை. போலீஸ் வந்தார்கள், தாசில்தார் வந்தார். தெளிமனையைப் பூட்டிவிட்டார்களாம். உள்ளே இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜெயசீலனைக் கூட்டிப்போகும்போது, நான் நல்லதுதானே செஞ்சேன் என்று அழுதாராம். செங்கோட்டையனைப் பற்றிப் போலீசிடம் சொன்னேன். விஜயராணியின் நம்பரையும் கொடுத்தேன். அவர் பேசுவாரா தெரியாது.

விளம்பரத்தை நிறுத்திவிட்டதாகக் கவின் சார் மெசேஜ் அனுப்பியிருந்தார். எப்போது வேண்டுமானாலும் வேலைக்கு வாங்க அக்கா என்று கீழே.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நங்கையாவைத்தான் பேசினார்கள். அவர் காதுபடவே பேசினார்கள். பெரிய மாமா, "கட்டினவ கம்முனு இருக்கறப்ப இவளுக்கென்ன அவசரம்? தூக்கி வளர்த்தவளே கொண்டுபோய்த் தள்ளிட்டா" என்றார். நங்கையா முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் பாவம் பாவம் என்று தோளைத் தடவிவிட்டுப் போனார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.


ஜூலை 20, ஞாயிறு

எல்லோரும் போய்விட்டார்கள். நங்கையா மட்டும் இருக்கிறார். ஊருக்குப் போகவில்லை. அவர் வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். காலையில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். சாப்பிடுவதே இல்லை. கழுத்து எலும்பு தெரிகிறது.

"ஏன் கோகிலா, நீயும் அப்படித்தான் நெனைக்கறயா? நான்தான் கொன்னுட்டேன்னு?"

"இல்லைங்க."

"சும்மா சொல்லாத."

நானும் ஒரு தட்டில் கொஞ்சம் புளியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "நீங்க படிச்ச விளம்பரத்தை எழுதினது நானுங்க நங்கையா."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். என் வேலை என்ன என்பதை முதல் தடவையாக அவருக்கு விளக்கினேன். யார் என்ன தட்டுவார்கள் என்று யோசித்து வைப்பதை, சாம்பாரில் கலக்கிற மருந்து வரை நான் எழுதிய பட்டியலை, கை நடுக்கம் என்று நான் எழுதி வைத்ததால்தான் அது மேலே வந்தது என்பதை, அரசு ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை நான் எந்தப் பட்டியலில் போட்டேன் என்பதை. கம்பிக் கதவைப் பார்த்ததை. அந்தியூர்க்காரரை. வெள்ளிக்கிழமை கேட் வரை போய்த் திரும்பி வந்ததை. மறுநாள் தூங்கியதையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கையில் இருந்த புளியங்கொட்டையைத் தட்டில் போட்டார். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். யாரும் எழுந்து போகவில்லை.

"அத்தனை வார்த்தையும் உனக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார் கடைசியில். "கை நடுங்கறது, சாம்பார்ல கலக்கறது, எல்லாம். கண்ணுக்குத் தெரியாத பொம்பளைங்களுக்கெல்லாம் எழுதி வெச்சிருக்கற. பஸ்ஸு ஜன்னல்ல நான் கேட்டனே கோகிலா. ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை. என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, என் பங்குப் புளியையும் சேர்த்து ஆய ஆரம்பித்தார்.

"எப்ப இருந்து?" என்றார்.

முதலில் தெரியலை என்றுதான் வாயில் வந்தது. அதை நிறுத்திக்கொண்டேன்.

"குழந்தை தங்காமப் போச்சே, அந்த வருசத்துல இருந்துங்க" என்றேன். "அவரு அப்பத்தான் குடிக்க ஆரம்பிச்சாரு."